ஏஎஸ்/400 முதல் ஐபிஎம் ஐ வரை: ஒரு கணினித் தளத்தின் பெயர் மாற்றங்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வின் பொருளும் எல்லையும்

1988 ஜூன் 21 அன்று ஐபிஎம் நிறுவனம் ஏஎஸ்/400 என்ற பெயரில் அறிமுகப்படுத்திய நடுத்தர வணிகக் கணினியின் நேரடி வாரிசு, இன்று ஐபிஎம் ஐ என்ற பெயரில், பவர் சர்வர்களில் இயங்கும் ஓர் இயங்குதளமாக விற்பனையில் இருக்கிறது. இடையில் 2000, 2004, 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் அதன் அதிகாரப்பூர்வப் பெயர் நான்கு முறை மாறியது. வயதாகிவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு கணினித் தளத்தின் எதிர்காலத்துக்கு அந்தப் பெயர் மாற்றங்கள் எதையேனும் செய்தனவா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இந்த நிகழ்வில் மூன்று தரப்பினர் இருக்கிறார்கள்: தளத்தை உருவாக்கி விற்ற நிறுவனத்தின் மேலாளர்கள், அதை வாங்கிய வங்கி, காப்பீடு, உற்பத்தி, மொத்த வியாபார நிறுவனங்களின் நிர்வாகிகள், அதன்மேல் நிரல் எழுதியும் அதைப் பராமரித்தும் வாழ்க்கையை நடத்திய புரோகிராமர்களும் ஆபரேட்டர்களும். தனிநபர் யாருடைய பெயரும் தரப்படவில்லை. ஒரே பெயர் மாற்றம் இம்மூவருக்கும் மூன்று வேறு பொருள்களைத் தந்தது என்பதால், அவர்களைப் பிரித்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

பின்னணி: பெயர் நிலைத்திருக்க இயந்திரம் மாறிய காலம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள ராச்செஸ்டர் நகரில் ஐபிஎம்மின் ஆய்வகமும் தொழிற்சாலையும் இருந்தன. சிஸ்டம்/36, சிஸ்டம்/38 என்ற இரண்டு கணினி வரிசைகள் அங்கிருந்து வந்தன. முன்னது எளிமையானது, சிறு நிறுவனங்களிடையே பரவலாக விற்றது. பின்னது 1978இல் அறிவிக்கப்பட்டது, வடிவமைப்பில் காலத்தை மிஞ்சியது, ஆனால் குறைவாகவே விற்றது. ஒன்றில் எழுதிய நிரல் மற்றொன்றில் அப்படியே ஓடாது. இரு வரிசை வாடிக்கையாளர்களையும் ஒரே இயந்திரத்துக்குக் கொண்டுவரும் முயற்சியாகவே ஏஎஸ்/400 பிறந்தது.

அதன் உள்ளமைப்பு பெரும்பாலும் சிஸ்டம்/38இலிருந்து வந்தது. தரவுத்தளம் இயங்குதளத்துக்கு உள்ளேயே இருந்தது. முதன்மை நினைவகமும் வட்டும் நிரலின் பார்வையில் ஒரே முகவரிவெளியாகத் தெரிந்தன. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, நிரலுக்கும் செயலிக்கும் நடுவே வைக்கப்பட்ட இடைமுகம். நிரல்கள் நேரடியாகச் செயலியின் கட்டளைகளாக மொழிபெயர்க்கப்படாமல், முதலில் ஒரு பொதுவான இடைநிலைக் கட்டளைத் தொகுப்பாக மாறின. அதை அந்தந்தச் செயலிக்கு ஏற்ப மாற்றுவது இயங்குதளத்தின் வேலை.

இந்த ஏற்பாட்டின் பயன் 1995இல் வெளிப்பட்டது. அந்த ஆண்டு ஏஎஸ்/400 தன் பழைய 48 பிட் செயலியைக் கைவிட்டு, 64 பிட் பவர்பிசி குடும்பத்துக்கு மாறியது. இடைநிலைத் தகவல் அழிக்கப்படாமல் வைக்கப்பட்டிருந்த நிரல்கள், மூல நிரலைத் தேடி எடுத்து மீண்டும் தொகுக்க வேண்டிய அவசியமின்றிப் புதிய செயலிக்கு மாற்றப்பட்டன. செயலி அடியோடு மாறியபோதும் வாடிக்கையாளரின் ஊதியப் பட்டியலும் இருப்புக் கணக்கும் முன்போலவே ஓடின. அப்போதும் பெயர் ஏஎஸ்/400ஆகவே இருந்தது. இந்தத் தளத்தின் வரலாற்றிலேயே பெரிய தொழில்நுட்ப மாற்றம் பெயர் மாற்றம் இல்லாமல் நடந்ததையும், பின்னர் நடந்த பெயர் மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் அந்த அளவிலான மாற்றம் ஏதும் இல்லாததையும் வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1990களின் இறுதியில் காணப்பட்டவை

யூனிக்ஸும் விண்டோஸ் என்டியும் வணிகக் கணினிச் சந்தையில் வேகமாக இடம்பிடித்துக்கொண்டிருந்தன. ஏஎஸ்/400ஐயே தாய்வீடாகக் கொண்டிருந்த மென்பொருள் நிறுவனங்களும் பல தளங்களில் ஓடும் தொகுப்புகளின் பக்கம் திரும்பின. ஜேடி எட்வர்ட்ஸ் நிறுவனம் 1996இல் ஒன்வேர்ல்ட் என்ற வணிக மென்பொருள் தொகுப்பைக் கொண்டுவந்தது அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கல்லூரிகளிலிருந்து வெளிவந்த இளைஞர்கள் சி, ஜாவா போன்ற மொழிகளைக் கற்றிருந்தார்கள். ஏஎஸ்/400இன் முதன்மை மொழியான ஆர்பிஜியை அவர்களில் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை.

தளத்தின்மேல் அப்போது இரண்டு வகையான குறைகள் சொல்லப்பட்டன. ஒன்று, தோற்றம் பற்றியது: கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்துகள் மின்னும் 5250 திரையைப் பார்த்த நிர்வாகி, அதன் பின்னால் 64 பிட் செயலி இருப்பதை அறிய வழியில்லை. 1998இலேயே ஜாவா அந்தத் தளத்தில் ஓடியது என்றாலும் திரை அதைச் சொல்லாது. மற்றொன்று, விலை பற்றியது. அந்தப் பச்சைத் திரை வழியாக நடக்கும் ஊடாட்டப் பணிகளுக்குத் தேவையான செயல்திறன் தனியாகவும் அதிக விலைக்கும் விற்கப்பட்டது; வாடிக்கையாளரைப் புதிய வகைப் பயன்பாடுகளுக்குத் தள்ளுவதே நோக்கம் என்று விளக்கப்பட்டாலும், இருக்கும் நிரல்களை அப்படியே ஓட்ட விரும்பியவர்கள் அதைத் தங்கள்மேல் விதிக்கப்பட்ட வரியாகவே பார்த்தார்கள், பயனர் கூட்டங்களில் அப்படியே பேசினார்கள்.

முதல் குறையைப் பெயரால் ஓரளவு தொட முடியும். இரண்டாவதை முடியாது. 2000க்குப் பிந்தைய எட்டு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட முடிவுகளை மதிப்பிடும்போது, எது எந்தக் குறைக்கு மருந்தாகத் தரப்பட்டது என்ற கேள்வியைக் கேட்டுக்கொள்வது பயனளிக்கும்.

முதல் மூன்று முடிவுகள்: 2000, 2004, 2006

2000 அக்டோபரில் ஐபிஎம் தன் சர்வர்கள் அனைத்தையும் ஈசர்வர் என்ற ஒரே குடைப்பெயரின்கீழ் கொண்டுவந்தது. மெயின்ஃப்ரேம் இசட்சீரிஸ் ஆனது. யூனிக்ஸ் சர்வர்கள் பிசீரிஸ். இன்டெல் சர்வர்கள் எக்ஸ்சீரிஸ். ஏஎஸ்/400 ஐசீரிஸ் ஆனது. எல்லாம் ஒருங்கிணைந்தது என்ற பொருளில் அந்த எழுத்து தேர்ந்தெடுக்கப்பட்டதாக விளக்கம் தரப்பட்டது. ஒரே நிறுவனத்தின் நான்கு வரிசைகள் ஒன்றோடொன்று போட்டியிடுவதுபோல் சந்தையில் தோன்றிய நிலையைச் சரிசெய்ய வேண்டும் என்ற காரணம் நியாயமானதே. ஆனால் அது நிறுவனத்தின் தேவை. ஏஎஸ்/400 வைத்திருந்த வாடிக்கையாளரின் தேவையிலிருந்து பிறந்த காரணம் அன்று. பன்னிரண்டு ஆண்டுகளில் தனக்கென்று ஒரு நற்பெயரைச் சேர்த்திருந்த தளம், நான்கு உடன்பிறப்புகளில் ஒருவராக வரிசையில் நின்றது.

2004இல் பவர்5 செயலி வந்தபோது வன்பொருள் ஈசர்வர் ஐ5 என்றும், ஓஎஸ்/400 என்றிருந்த இயங்குதளம் ஐ5/ஓஎஸ் என்றும் பெயர் பெற்றன. செயலியின் தலைமுறை எண்ணைப் பெயருக்குள் வைத்ததால் அந்தப் பெயருக்குப் பிறக்கும்போதே ஒரு காலக்கெடு விதிக்கப்பட்டுவிட்டது. அடுத்த தலைமுறை வரும் என்பது முடிவெடுத்தவர்களுக்குத் தெரியாத செய்தி அன்று. 2006இல் வன்பொருளின் பெயர் சிஸ்டம் ஐ என்று மீண்டும் மாற, இயங்குதளத்தின் பெயர் மட்டும் ஐ5/ஓஎஸ்ஸாகவே நின்றது. 2007இல் பவர்6 செயலியுடன் வந்த இயந்திரத்தில், பெயரில் ஐந்தைச் சுமந்த இயங்குதளம் ஓடியது.

இந்த மூன்று மாற்றங்களும் தலைப்பில் மட்டும் நிற்கவில்லை. தனிக்கணினியிலிருந்து இணைய உதவும் மென்பொருள் கிளையன்ட் ஆக்சஸ் என்றிருந்து, ஐசீரிஸ் ஆக்சஸ், சிஸ்டம் ஐ ஆக்சஸ், பின்னர் ஐபிஎம் ஐ ஆக்சஸ் என்று மாறியது. தரவுத்தளத்தின் பெயரும் உடன் மாறியது. கையேடுகள், பயிற்சி வகுப்புகள், சான்றிதழ்த் தேர்வுகள், இத்தளத்தைப் பற்றியே எழுதிவந்த இதழ்களின் முகப்பு எல்லாம் திருத்தப்பட்டன. இரவு வேலை ஒன்று பிழைச்செய்தியுடன் நின்றுவிட்டால், தீர்வைத் தேடும் ஆபரேட்டர் ஒரே பொருளை மூன்று நான்கு பெயர்களில் தேட வேண்டியிருந்தது. பெயர் மாற்றத்தின் செலவைப் பேசும்போது விளம்பரச் செலவையே எண்ணுகிறோம். இந்தச் செலவு எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

2008: பெயரோடு பொருளும் மாறிய முடிவு

2008 ஏப்ரலில் சிஸ்டம் ஐ, யூனிக்ஸ் சர்வர்களான சிஸ்டம் பி ஆகிய இரண்டு வன்பொருள் வரிசைகளும் பவர் சிஸ்டம்ஸ் என்ற ஒரே வரிசையாக இணைக்கப்பட்டன. அதே இயந்திரத்தில் ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸ், லினக்ஸ் ஆகியவற்றோடு மூன்றாவதாக ஓடும் இயங்குதளத்துக்கு ஐபிஎம் ஐ என்று பெயரிடப்பட்டது. அதுவரை தன் பெயரில் ஓர் இயந்திரத்தை வைத்திருந்த தளத்துக்கு அதன்பின் சொந்த இயந்திரம் இல்லை.

நான்கு மாற்றங்களில் இதுவே பயனர்களை மிகவும் வருத்தியது. ஒற்றை எழுத்தைத் தேடுபொறியில் தேடி எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பது நடைமுறைக் குறை. அந்த எழுத்தை அதற்குள் ஆப்பிள் நிறுவனம் ஐமேக், ஐபாட், ஐஃபோன் என்று உலகம் முழுவதும் தன்னுடையதாக்கிக்கொண்டிருந்தது. விற்பனைப் பிரதிநிதிகள் இனி யூனிக்ஸை முன்னிறுத்தித்தான் பேசுவார்கள் என்ற அச்சமும் பரவலாக இருந்தது. அந்த அச்சத்தை வீண் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

ஆயினும் நான்கில் உள்ளடக்கம் கொண்ட மாற்றமும் இதுதான். இரண்டு வரிசைகளும் ஏற்கெனவே ஒரே செயலியையும் பெரும்பாலும் ஒரே உதிரிபாகங்களையும் பயன்படுத்திவந்தன. அப்படியிருந்தும் ஒரே நினைவகத்துக்கும் வட்டுக்கும் சிஸ்டம் ஐ வாடிக்கையாளர் அதிக விலை கொடுத்துவந்தார். வரிசைகள் இணைந்தபோது அந்த விலை வேறுபாட்டுக்கு இடமில்லாமல் போனது. சிறு நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்த குறைக்கு, அவர்கள் வெறுத்த பெயர் மாற்றத்தோடு சேர்ந்தே பதில் வந்தது. இயங்குதளம் வன்பொருளிலிருந்து பெயரளவில் விடுபட்டதால், செயலியின் தலைமுறை மாறும்போதெல்லாம் பெயரை மாற்ற வேண்டிய கட்டாயமும் நீங்கியது. பவர்7, பவர்8, பவர்9, பவர்10 என்று வந்தபின்னும் ஐபிஎம் ஐ என்ற பெயர் அசையவில்லை.

பழைய பெயர் தங்கிய இடங்கள்

ஏஎஸ்/400 என்ற பெயர் அதிகாரப்பூர்வமாகப் புழங்கியது 1988 முதல் 2000 வரை, பன்னிரண்டு ஆண்டுகள். ஐபிஎம் ஐ என்ற பெயர் அதைவிட நீண்ட காலம் புழக்கத்தில் இருந்துவிட்டது. இருந்தும் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக இத்தளத்தில் பணியாற்றும் குழுக்கள் தம்மை ஏஎஸ் ஃபோர் ஹண்ட்ரட் டீம் என்றே சொல்லிக்கொள்கின்றன. வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களிலும் அந்தப் பெயரே முன்னால் நிற்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிலை பெரிதாக வேறுபடவில்லை.

இதைப் பழக்கத்தின் பிடிவாதம் என்று மட்டும் கொள்வது சரியாகாது. ஜாவா நிரல் ஒன்று இந்தத் தளத்தின் தரவுத்தளத்தோடு இணைய வேண்டுமானால், இணைப்பு முகவரியில் இன்றும் பொதுவாக ஏஎஸ்400 என்ற சொல்லையே எழுத வேண்டியிருக்கிறது. ஐபிஎம் தந்த ஜாவா நூலகத்தின் தொகுப்புப் பெயரிலும், அதில் முதலில் அழைக்கப்படும் கிளாஸின் பெயரிலும் அதே சொல் இருக்கிறது. அதை மாற்றினால் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணற்ற நிரல்கள் உடையும் என்பதால் யாரும் தொடவில்லை. பழைய நிரலை உடைக்காமல் காப்பதே இந்தத் தளத்தின் முதன்மையான வாக்குறுதி. அந்த வாக்குறுதியைக் காப்பாற்றியதே பழைய பெயரையும் காப்பாற்றியிருக்கிறது.

நிர்வாகிகளின் பக்கம் விளைவு வேறு. பெயர் மாற்றத்தின் குறி அவர்கள்தான்: 1988ஐ நினைவூட்டும் பெயரைக் கேட்டதும் இதை எப்போது தூக்கி எறியலாம் என்று கேட்கும் புதிய தகவல்தொழில்நுட்பத் தலைவர். ஆனால் அவருக்கு இயந்திரத்தைப் பற்றிச் சொல்பவர்கள் ஐபிஎம்மின் விளம்பரங்கள் அல்லர், அவருடைய சொந்த ஊழியர்கள். சென்ற ஆண்டு வாங்கிய பவர் சர்வரையும் அவர்கள் ஏஎஸ்/400 என்று அறிமுகப்படுத்தினால், பெயர் மாற்றம் சென்றடைய வேண்டிய காதுக்குப் போய்ச் சேரவே இல்லை.

அந்த ஊழியர்களையும் குறை சொல்ல இயலாது. எஸ்இயு என்ற பச்சைத் திரை எடிட்டரில் நிரல் எழுதுகிறவருக்கு, இயங்குதளத்தின் 6.1 பதிப்புக்குப் பிறகு ஆர்பிஜி மொழியில் வந்த புதிய தொடரமைப்பு எதுவும் அங்கே ஏற்கப்படாது. அந்த எடிட்டர் அத்தோடு நிறுத்திவைக்கப்பட்டுவிட்டது. அதிலேயே தங்கிவிட்ட ஒரு குழுவைப் பொறுத்தவரை இது உண்மையிலேயே பழைய ஏஎஸ்/400தான். பெயர்ப்பலகை மாறியது, கைக்குள் இருந்த கருவி மாறவில்லை.

2010க்குப் பின்: பெயரைத் தொடாத காலம்

2010இல் ஐபிஎம் ஐயின் 7.1 பதிப்பு வெளிவந்தது. அதனோடு, பெரிய பதிப்புக்காகக் காத்திருக்காமல் இடையிடையே புதிய வசதிகளைத் தரும் டெக்னாலஜி ரெஃப்ரெஷ் முறையும் தொடங்கியது. 2013இல் ஆர்பிஜி மொழியின் அறிவிப்புகளையும் நெடுவரிசைக் கட்டுப்பாடின்றி எழுத முடிந்தது. துளையட்டைகளில் நிரல் எழுதிய காலத்தின் மிச்சமான, ஆறாவது கட்டத்தில் இந்த எழுத்து என்பது போன்ற விதிகளை அறியாத இளைஞர் ஒருவர் அம்மொழியைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிலை அப்போதுதான் வந்தது. பைதான், நோட்.ஜேஎஸ் போன்றவை தளத்துக்குள் வந்தன. விஷுவல் ஸ்டூடியோ கோட் எடிட்டரிலிருந்தே நிரல் எழுத உதவும் திறமூல நீட்சி ஒன்று பரவியது. 7.2, 7.3, 7.4, 7.5 என்று தொடர்ந்து, 2025 ஏப்ரலில் 7.6 வெளிவந்தது. அதில் கடவுச்சொல்லோடு மற்றொரு சான்றும் கேட்கும் பல்காரணி உள்நுழைவுச் சரிபார்ப்பு இயங்குதளத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. அடுத்த பதிப்புகளையும் காட்டும் கால அட்டவணை பொதுவெளியில் வைக்கப்பட்டிருக்கிறது.

வாடிக்கையாளர் ஒருவர் தளத்தில் தங்கலாமா, வெளியேறலாமா என்று கணக்குப் பார்க்கும்போது இந்த அட்டவணையையும், ஆர்பிஜி தெரிந்தவர்கள் ஓய்வுபெறும் வேகத்தையும், உரிமக் கட்டணத்தையும்தான் எடுத்துவைக்கிறார். அந்த ஆவணத்தில் பெயருக்கு ஒரு வரி இருப்பதில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சான்று

ஒப்பிட்டுப் பார்க்க அருகிலேயே ஒரு தளம் இருக்கிறது. ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனத்தின் எச்பி 3000, 1970களில் தொடங்கிய நடுத்தர வணிகக் கணினி. அதிலும் தரவுத்தளம் இயங்குதளத்தோடு சேர்ந்தே வந்தது, பயனர்கள் அதனிடம் காட்டிய விசுவாசமும் ஏஎஸ்/400 பயனர்களுடையதைப் போன்றதே. இணைய அலையின் காலத்தில் அதற்கும் எச்பி இ3000 என்று பெயர் புதுப்பிக்கப்பட்டது. 2001 நவம்பரில் அதன் உற்பத்தியாளரே அதை நிறுத்தப்போவதாக அறிவித்தார். ஆதரவு சில முறை நீட்டிக்கப்பட்டு 2010இன் முடிவோடு நின்றது. பெயரில் சேர்த்த எழுத்தின் மை உலர்வதற்குள் முடிவு வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

இரண்டு தளங்களுக்கும் இடையிலான வேறுபாடு, அடுத்த செயலிக்கு அதைக் கொண்டுசெல்லும் செலவை உரிமையாளர் ஏற்றாரா என்பதில் இருந்தது. எச்பி தன் வருங்காலத்தை இட்டேனியம் என்ற புதிய செயலியில் வைத்தபோது 3000ஐ அங்கு அழைத்துச் செல்லவில்லை. ராச்செஸ்டரின் தளம் 1995இலேயே அந்த ஆற்றைக் கடந்திருந்தது, பிறகு யூனிக்ஸ் வரிசையோடு வன்பொருளைப் பகிர்ந்ததால் அதைத் தொடரும் செலவும் குறைந்தது.

மாறியிருக்க வேண்டியவை

2000ஆம் ஆண்டின் முடிவைத் திரும்ப எடுக்க வாய்ப்பிருந்தால், குடைப்பெயரை வைத்துக்கொண்டே 400 என்ற எண்ணைத் தக்கவைத்திருப்பது நல்லது என்று கருதுகிறேன். உண்மையில் முதலில் ஐசீரிஸ் 400 என்றே அறிவிக்கப்பட்டது. நாளடைவில் எண் உதிர்ந்துபோனது. தேடுவதற்கும் நினைவில் வைப்பதற்கும் உதவிய ஒரே பகுதி அதுதான். 2004, 2006 மாற்றங்களுக்கு வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. அவை நடக்காமல் இருந்திருந்தால் 2008இன் மாற்றத்தை மக்கள் இன்னும் பொறுமையோடு கேட்டிருப்பார்கள். வரிசைகளை இணைத்ததும் விலையைச் சமன்செய்ததும் தேவையானவை, அவற்றை மாற்ற வேண்டியதில்லை. அவற்றை அறிவித்த விதத்தில் விலையை முன்னாலும் பெயரைப் பின்னாலும் வைத்திருக்கலாம்.

பயனர் நிறுவனங்களின் பக்கமும் மாற வேண்டியவை உண்டு, அவை இன்றும் செய்யக்கூடியவை. நிர்வாகத்துக்குச் செல்லும் ஆவணங்களில் இயங்குதளத்தின் பதிப்பு எண்ணும், செயலியின் தலைமுறையும், ஆதரவு முடியும் தேதியும் எழுதப்பட வேண்டும். ஏஎஸ்/400 என்று எழுதினாலும் ஐபிஎம் ஐ என்று எழுதினாலும், இந்த மூன்றும் அருகில் இருந்தால் தலைவர் தவறான இயந்திரத்தைக் கற்பனை செய்யமாட்டார். ஆள் எடுக்கும் விளம்பரத்தில் இரண்டு பெயர்களையும் சேர்த்துப் போடலாம். அனுபவமுள்ளவர் பழைய பெயரிலும், புதிதாகக் கற்றவர் புதிய பெயரிலும் தேடுகிறார். எஸ்இயுவில் எழுதும் குழுவைப் புதிய எடிட்டருக்கு மாற்றுவதைப் பயிற்சிச் செலவாகக் கருதித் தள்ளிப்போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும், ஏனெனில் இருபது வயதுகளில் இருக்கும் புரோகிராமர் முதல் நாளில் அமர்ந்து பார்க்கும் திரைதான் அவர் அங்கே தங்குவாரா என்பதைத் தீர்மானிக்கிறது.